நோயாளி வராத எலும்பு முறிவு கிளினிக்

வளைகுடாவில் வேலை செய்யும் தமிழர் ஒருவருக்குக் கையோ காலோ முறிந்தால், போட்ட மாவுக்கட்டு காய்வதற்குள் எக்ஸ்ரே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மருத்துவமனைக் கணினித் திரையில் தெரிந்ததையோ, கேம்ப் அறையின் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்த ஃபிலிமையோ அறைத்தோழர் போனில் படம் எடுப்பார். அது வாட்ஸ்அப்பில் மனைவிக்கும், மனைவியிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து அவருக்குத் தெரிந்த எலும்பு டாக்டருக்கும் போகும். அரை மணி நேரத்தில் பதில் வரும். "பயப்பட ஒண்ணுமில்ல, ஆறு வாரம் கட்டு போட்டா சரியாயிடும்" என்றோ, "ஆபரேஷன் பண்ணணும்போல இருக்கே, ஊருக்கு வந்துடச் சொல்லுங்க" என்றோ.

கவலையில் செய்கிற காரியம் இது. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நோயாளியைத் தொடாமல், படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் இதே வேலையை மருத்துவமனைகள் முறைப்படி செய்யத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. 'விர்ச்சுவல் ஃபிராக்சர் கிளினிக்' என்று பெயர். இரண்டும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் ஒரு படம், ஒரு திரை, தூரத்தில் ஒரு மருத்துவர். உள்ளே நடப்பது வேறு. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், துபாயிலோ தோஹாவிலோ மஸ்கட்டிலோ கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் தன் மருத்துவமனையிடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது புரியும்.

இந்த முறை முழு வடிவம் பெற்றது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில், 2011-ல். எலும்பு முறிவு வைத்தியத்தை அந்த மருத்துவமனை திருப்பிப் போட்டது அது முதல் தடவை இல்லை. வண்டிச்சக்கரம் ஏறி எலும்பு வெளியே தெரிந்த ஒரு சிறுவனின் காலுக்கு, 1865-ல், ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த கட்டுப் போட்டுச் சீழ் பிடிக்காமல் காப்பாற்றியது அங்கேதான். அதுவரை அப்படிப்பட்ட காலைப் பெரும்பாலும் வெட்டித்தான் எடுப்பார்கள். 1895-ன் இறுதியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த மறு ஆண்டே ஜான் மெக்கின்டயர் உலகின் முதல் மருத்துவமனை எக்ஸ்ரே துறைகளில் ஒன்றைத் தொடங்கியதும் அங்கேதான்.

2011-க்கு முன் அங்கும் நம் ஊர் நிலைதான். இரவில் அவசரப் பிரிவுக்கு வந்து எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப் போட்டுக்கொண்ட எல்லோரையும், சின்ன விரல் முறிவா தொடை எலும்பு முறிவா என்று பார்க்காமல், எலும்பு முறிவு கிளினிக்குக்கு வரச் சொல்வார்கள். அங்கே பாதி நாள் காத்திருந்து உள்ளே போனால் மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, மூணு வாரம் கழிச்சு வாங்க" என்பார். அந்த ஒரு நிமிடத்துக்காக நொண்டிக்கொண்டு வந்தவர்களால் கூடம் நிரம்பியிருக்கும். உண்மையிலேயே உடனே கத்தி வைக்க வேண்டிய நோயாளியும் அதே வரிசையில் ஐம்பதாவது ஆளாக உட்கார்ந்திருப்பார். இதுதான் ஆபத்து.

கிளாஸ்கோ மருத்துவர்கள் இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். தானாகவே நன்றாகக் கூடிவிடும் என்று உறுதியாகத் தெரிந்த சில முறிவுகளைப் பட்டியலிட்டார்கள். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பின் கழுத்து, முழங்கையில் ஆரை எலும்பின் தலையில் விலகாத கீறல், பாதத்தின் வெளியோர எலும்பின் அடி, குழந்தைகளின் மணிக்கட்டில் வரும் புடைப்பு முறிவு போன்றவை. இவற்றுக்கு அவசரப் பிரிவிலேயே கழற்றி மாட்டக்கூடிய வெல்க்ரோ கட்டு, விளக்கத் தாள், சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண் மூன்றையும் கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி வரத் தேவையில்லை. மற்றவர்களின் படங்களையும் குறிப்புகளையும் அடுத்த வேலை நாளில் ஒரு மூத்த எலும்பு மருத்துவரும் ஒரு நர்ஸும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த அறையில் நோயாளி இருக்க மாட்டார்.

இது எப்படிப் பாதுகாப்பாகும்? எலும்பு தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது விடை. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். ஒரு வாரத்துக்குள் அந்தக் கட்டிக்குள் புதிய ரத்த நாளங்கள் நுழையும். இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பும் நாருமாக மென்மையான பாலம் ஒன்று இரு முனைகளையும் பிடிக்கும். அதன் பிறகு சுண்ணாம்புச் சத்து படிந்து பாலம் கெட்டியாகும்; பெரியவர்களுக்குக் கை என்றால் ஏறக்குறைய ஆறு வாரம், கால் என்றால் பன்னிரண்டு வாரம். அதற்கப்புறமும் மாதக்கணக்கில், எங்கே சுமை விழுகிறதோ அங்கே தடித்தும் விழாத இடத்தில் கரைந்தும் எலும்பு தன்னைச் செதுக்கிக்கொள்ளும். ஜூலியஸ் வொல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-ல் விவரித்த விதி இது.

இத்தனையையும் செய்வது உடல். மாவுக்கட்டு எதையும் ஒட்டவைப்பதில்லை. கான்கிரீட் இறுகும்வரை ஷட்டரிங் பலகை என்ன செய்கிறதோ அதைத்தான் கட்டு செய்கிறது: வடிவம் கலையாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே மருத்துவர் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி, 'இந்த முறிவு இருக்கிற இடத்திலேயே இருக்குமா, நகருமா?' என்பதுதான். நகராது என்றால் யார் எத்தனை முறை தொட்டுப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது கூடும். நகரக்கூடும் என்றால் நோயாளி நேரில் வந்தாக வேண்டும். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான சமயங்களில் ஒரு நல்ல எக்ஸ்ரேயும் ஒழுங்காக எழுதிய ஒரு குறிப்பும் பதில் சொல்லிவிடும்.

சில முறிவுகளுக்குக் கட்டே அதிகம் என்று இப்போது தெரிகிறது. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 4 முதல் 15 வயது வரையிலான 965 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2022-ல் லான்செட் இதழில் வெளியானது. மணிக்கட்டில் புடைப்பு முறிவு வந்த பாதிக் குழந்தைகளுக்கு விறைப்பான கட்டு. மீதிப் பேருக்கு, வேண்டுமென்றால் போட்டுக்கொள்ள ஒரு சாதாரணத் துணிக்கட்டு, அன்றே வீட்டுக்கு. மூன்றாம் நாள் வலியில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. குழந்தையின் எலும்பு அவ்வளவு பதமானது. ஒரு பக்கம் அழுங்கிப் புடைக்குமே தவிர இரண்டாகப் பிரியாது. நம் வீடுகளில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பிள்ளைக்கு மாவுக்கட்டுப் போடாமல் அனுப்பிய டாக்டரை விட்டுவிட்டு வேறு டாக்டரைத் தேடிப் போவோம்.

இப்போது அந்தக் காலை நேர அறைக்குள் போகலாம். மருத்துவர் முன் முந்தைய நாளின் பட்டியல். முதல் பெயரைத் தொட்டதும் எக்ஸ்ரே விரிகிறது. ஒரே படம் என்றால் அவர் முகம் சுளிப்பார். முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று குறைந்தது இரண்டு கோணம் வேண்டும். முன்னிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் எலும்பு பக்கவாட்டில் முழுதாக விலகியிருக்கக்கூடும். தோள் பின்புறமாக நழுவியதை ஒற்றைப் படத்தில் தவறவிடுவது எலும்பியல் பாடப்புத்தகங்கள் எல்லாம் எச்சரிக்கும் பிழை. நீள எலும்பு முறிந்திருந்தால் அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளும் படத்தில் இருக்க வேண்டும். பிறகு குறிப்பு: எப்படி விழுந்தார், எந்தக் கை அவருக்கு வேலைக்கை, என்ன தொழில், தோல் கிழிந்திருக்கிறதா, விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா, நாடி ஓடுகிறதா, சர்க்கரை உண்டா, புகைப்பாரா. சர்க்கரையும் புகையும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துபவை. படமும் குறிப்பும் பொருந்தினால், சில நிமிடங்களில் முடிவு: 'இவருக்குத் தாளும் தொலைபேசியும் போதும்', 'இவர் பத்து நாளில் மறு எக்ஸ்ரேக்கு வரட்டும்', 'இவரை நாளைக்கே கூப்பிடுங்கள், அறுவை சிகிச்சை அரங்கில் இடம் பிடியுங்கள்'. முடிவை எழுதி, பெயர் போட்டு, நர்ஸ் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வார். காயத்தோடு வந்த 72 மணி நேரத்துக்குள் எலும்பு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் எலும்பியல் சங்கம் 2013-ல் வகுத்த வரையறையை எட்ட, தொலைவிலிருந்து பார்ப்பது பெரிதும் கைகொடுத்தது. பிறகு 2020-ன் கொரோனா, பல ஆண்டுகள் தயங்கிய மருத்துவமனைகளைச் சில வாரங்களில் இதற்கு மாற்றிவிட்டது.

வாட்ஸ்அப் படத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கே தெரியும். டிஜிட்டல் எக்ஸ்ரே 'டைகாம்' என்ற பொது வடிவத்தில் சேமிக்கப்படுகிறது. அதில் ஒவ்வொரு புள்ளியும் 4,096 சாம்பல் நிலைகளில் ஒன்றாகவோ அதற்கும் நுட்பமாகவோ இருக்கும். மருத்துவர் அந்த வரம்பில் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் விரித்துப் பார்க்கலாம். மயிரிழைக் கீறல் அப்போதுதான் வெளிப்படும். போனில் எடுக்கும் படத்தில் 256 நிலைகள்தான். வாட்ஸ்அப் அதையும் சுருக்கி அனுப்பும். டியூப்லைட்டின் பளபளப்பு மேலே விழுந்திருக்கும். டைகாம் கோப்பில் நோயாளியின் பெயர், தேதி, வலதா இடதா என்ற குறி எல்லாம் படத்தோடு ஒட்டியே பயணிக்கும். போன் படத்தில் அதுவும் கிடையாது. கண்ணாடி பிம்பமாகப் புரட்டி எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறொன்று. ஊரிலிருந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்ன மருத்துவர் அந்த நோயாளிக்குப் பொறுப்பாளி இல்லை. அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. பத்தாம் நாள் யாரும் அவருக்கு நினைவூட்டப் போவதில்லை. விர்ச்சுவல் கிளினிக்கின் உயிர் திரையில் இல்லை, அந்தப் பத்தாம் நாள் அழைப்பில் இருக்கிறது.

அந்த அழைப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் காட்ட ஒரே ஓர் எலும்பு போதும். கட்டைவிரலை நன்றாக மேலே தூக்கினால் மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு தசைநாண்களுக்கு இடையில் ஒரு சிறு பள்ளம் விழும். அதன் அடியில் முந்திரிப் பருப்பு அளவில் ஸ்கேஃபாய்ட் என்ற எலும்பு இருக்கிறது. சாரக்கட்டிலிருந்து வழுக்கியவர், பைக் சறுக்கிய டெலிவரி ஊழியர், ஈரத் தரையில் விழுந்த வீட்டுப் பணிப்பெண் என்று யாராக இருந்தாலும் விழும்போது உள்ளங்கையை ஊன்றத்தான் செய்வார்கள். அந்த ஊன்றலில் முறிவது இது. முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது அரிதில்லை. எலும்பின் முனைகள் சற்றுக் கரைந்து கோடு விரிந்த பிறகே படத்தில் பிடிபடும். ஆகையால் படம் சுத்தமாக இருந்தாலும், அந்தப் பள்ளத்தில் விரல் வைத்து அழுத்தினால் வலிக்கிறது என்றால், முறிவு என்றே எடுத்துக்கொண்டு கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாளில் மறு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வசதி இருந்தால் முன்னதாகவே எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்.

இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் உடம்புப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் நின்று அது செத்துப்போகலாம். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனவருக்கு, பல ஆண்டுகள் கழித்து மணிக்கட்டு முழுதும் தேய்ந்து, சுத்தியலைப் பிடிக்கவே முடியாமல் போகும். அழுத்திப் பார்க்க ஒரு விரல் அங்கே இருக்க வேண்டும். அந்த விரல் அவசரப் பிரிவு மருத்துவருடையது. அவர் அழுத்திப் பார்த்து எழுதி வைத்தால்தான் மறுநாள் தொலைவில் இருப்பவர் அதைப் படிக்க முடியும். தொலைமருத்துவம் என்பதில் தொடுதல் இல்லாமல் போவதில்லை. முதல் நாள் தொட்டவரின் எழுத்தை நம்பித்தான் இரண்டாம் நாள் முடிவு நிற்கிறது. அவர் அலட்சியமாக எழுதினால் எவ்வளவு நுட்பமான திரையும் உதவாது.

திரையில் அறவே தெரியாத ஆபத்தும் உண்டு. முன்கையிலும் கணுக்காலுக்கு மேலும் தசைகள் இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. முறிவின் வீக்கம் அந்த உறைக்குள் ஏறினால் ரத்த ஓட்டம் அடைபட்டு, ஆறேழு மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்கும். எக்ஸ்ரே அப்படியே இருக்கும். மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரலை வேறொருவர் நீட்டிவிட்டால் உயிர் போவதுபோல் துடிப்பு, பிறகு மரத்துப்போதல் என்று அறிகுறிகள் எல்லாம் நோயாளியிடம்தான். ஆகவே விளக்கத் தாளில் மிக முக்கியமான வரி, 'இப்படி ஆனால் விடியும்வரை காத்திருக்காதே, உடனே வா' என்பது. அந்த ஒரு வரி புரியாத மொழியில் இருந்தால் மற்ற ஏற்பாடு எல்லாம் வீண்.

வளைகுடாவுக்கு வருவோம். மாவுக்கட்டுக்கே இந்தப் பகுதியோடு பழைய தொடர்பு உண்டு. வளைகுடாவின் வடமுனையில் உள்ள பாஸ்ராவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஈட்டன், முறிந்த காலைச் சுற்றி ஜிப்சம் குழம்பை ஊற்றி இறுகவிடும் உள்ளூர் வைத்தியத்தை 1798-ல் ஐரோப்பாவுக்கு வியந்து எழுதினார். நாம் இன்று அறிந்த துணிச்சுருள் மாவுக்கட்டை டச்சு ராணுவ மருத்துவர் மத்தைசன் 1852-ல்தான் வெளியிட்டார்.

தொலைவிலிருந்து பார்ப்பதற்கான வசதிகள் இன்று வளைகுடாவில் ஏராளம். சவூதி அரேபியா 2022 பிப்ரவரியில் ரியாத்தில் 'சேஹா விர்ச்சுவல் மருத்துவமனை'யைத் திறந்தது. தொடக்கத்திலேயே 130 மருத்துவமனைகளை இணைத்தார்கள்; பாலைவன ஊரின் சிறு மருத்துவமனையில் எடுத்த படத்தைத் தலைநகர நிபுணர் பார்க்கிறார். துபாய் சுகாதார ஆணையம் 2019 இறுதியில் குடிமக்களுக்காக இருபத்துநான்கு மணி நேர வீடியோ மருத்துவ ஆலோசனையைத் தொடங்கி, கொரோனா காலத்தில் அதை அங்கே வசிக்கும் பிறருக்கும் விரித்தது. துபாயின் 'நபித்', அபுதாபியின் 'மலஃபி' என்ற தகவல் வலைகள் ஒரு மருத்துவமனையின் கோப்பை இன்னொன்று திறந்து பார்க்க வழி செய்கின்றன. அபுதாபியின் முசாஃபாவில் விழுந்து ஒரு கிளினிக்கில் கட்டுப் போட்டவர், பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. ஓமானின் நில அமைப்போ இந்த முறைக்காகவே வரைந்ததுபோல் இருக்கிறது. எலும்பு சிகிச்சைக்குப் பேர்போன கௌலா மருத்துவமனை மஸ்கட்டில் இருக்கிறது; சலாலா அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர்; முசந்தமோ அமீரக நிலத்தால் துண்டிக்கப்பட்டு வடக்கே தனியே நிற்கிறது. ஒரு விரல் முறிவைக் காட்டுவதற்கு அங்கிருந்து ஒருவர் எல்லை தாண்டிப் பயணம் செய்ய வேண்டுமா?

அமீரகத்துக்குள் தூரம் குறைவு. ஆனால் கேம்ப்பிலிருந்து மருத்துவமனைக்கு உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக்கூடாது. போர்மேனிடம் அனுமதி, கம்பெனி வண்டி கிடைக்கும் நேரம், கூட வர ஓர் ஆள், அவருடைய வேலை நேரம், காப்பீட்டில் தன் பங்காகக் கட்ட வேண்டிய தொகை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தூரம். 2025 ஜனவரியிலிருந்து வட எமிரேட்டுகளிலும் தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயமாகியிருப்பது பெரிய நிம்மதி. வேலையில் பட்ட காயம் என்றால் 2021-ன் தொழிலாளர் சட்டப்படி சிகிச்சைச் செலவு முதலாளியுடையது; ஆறு மாதம்வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் நீண்டால் இன்னும் ஆறு மாதம் பாதிச் சம்பளம். ஆகவே ஒவ்வொரு நேர்முகப் பரிசோதனையும் பதிவாவது தொழிலாளிக்குச் சான்று. தொலைபேசியில் பார்த்தாலும் தேதி, மருத்துவர் பெயர், 'இத்தனை நாள் ஓய்வு' என்ற வரி மூன்றும் எழுத்தில் வர வேண்டும். வாய்வார்த்தையாக "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அழைப்பை முடித்துவிட்டால், மறுநாள் போர்மேன் முன் அவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

கிளாஸ்கோவின் விளக்கத் தாள் ஒரு வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. 'காலை இதய மட்டத்துக்கு மேல் தூக்கி வையுங்கள், ஊன்றுகோலுடன் நடமாடுங்கள்' என்று அது சொல்லும். கேம்ப்பில் அவருடைய இடம் இரண்டடுக்குக் கட்டிலின் மேல் தட்டாக இருந்தால்? கணுக்கால் முறிந்தவர் ஒற்றைக்காலில் இரும்பு ஏணி ஏறி இறங்குவதைவிட முறிவு நகர வேறென்ன வேண்டும்? கழிப்பறை குந்தி உட்காரும் வகை; குளியலறைத் தரை எப்போதும் ஈரம்; சமையலறை தாழ்வாரத்தின் மறுகோடியில். ஊன்றுகோலில் இரண்டு கையும் மாட்டிக்கொண்டால் தட்டை யார் தூக்குவது? படத்தில் 'நகராத முறிவு' என்று தெரிந்ததை இந்த அறை நகர்த்திவிடும். வளைகுடாவில் இந்த முறையை நடத்தும் எந்த மருத்துவமனையும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளில், 'எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, மேல் கட்டிலா கீழ்க் கட்டிலா, கழிப்பறை எப்படி' என்ற நான்கையும் சேர்க்க வேண்டும் என்பேன். பதில் சரியில்லை என்றால், 'இவருக்குக் கீழ்க் கட்டில் தர வேண்டும்' என்று மருத்துவச் சீட்டிலேயே எழுதலாம். மருந்துச் சீட்டில் எழுதும் எந்த மருந்துக்கும் அது குறைந்ததில்லை.

அழைப்பு யாருடைய போனுக்கு வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். பதிவேட்டில் கம்பெனி மேற்பார்வையாளரின் எண்ணைக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. நர்ஸ் அவரிடம் பேசுவார். அவர் "எல்லாம் ஓகே" என்பார். வலியில் இருப்பவருக்கு அழைப்பு வந்ததே தெரியாது. நோயாளியின் சொந்த எண்ணும் அவர் பேசும் மொழியும் கோப்பின் முதல் வரியில் இருக்க வேண்டும். வளைகுடா மருத்துவமனைகளில் மலையாளம் பேசும் நர்ஸ்கள் ஏராளம். தமிழ்த் தொழிலாளியும் அவரும் ஆளுக்குப் பாதி மொழியில் பேசி ஒருவரையொருவர் புரிந்துகொள்வது அங்கே அன்றாடக் காட்சி. அந்த நல்லெண்ணத்தை நம்பியே இருந்துவிடாமல், எச்சரிக்கை வரிகளைத் தமிழ், இந்தி, வங்காளி, உருதுக் குரலில் பதிவு செய்து போனுக்கு அனுப்புவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும்.

எல்லா முறிவுக்கும் இது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உயரத்திலிருந்து பாதம் ஊன்றி விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கியவருக்கு முதுகெலும்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; விழுந்த வேகம் அங்கேயும் ஏறியிருக்கக்கூடும். தோல் கிழிந்து எலும்பு வெளிக்காற்றைத் தொட்ட முறிவு, மூட்டுக்குள் இறங்கிய முறிவு, மூட்டு விலகல், நரம்போ நாடியோ அடிபட்டது எல்லாம் துபாயின் ரஷீத் மருத்துவமனை, அபுதாபியின் ஷேக் ஷக்பூத் மெடிக்கல் சிட்டி போன்ற விபத்துச் சிகிச்சை மையங்களில் நேரில் பார்க்க வேண்டியவை. அங்கே உள்ள மருத்துவர்களின் நேரத்தை விடுவிப்பதற்குத்தான் சிறு முறிவுகளைத் தொலைவிலிருந்து பார்ப்பதே.

செயற்கை நுண்ணறிவும் இந்த அறைக்குள் வந்துவிட்டது. மணிக்கட்டு முறிவைக் காட்டும் மென்பொருளுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018-லேயே அனுமதி தந்தது. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2025-ல் இப்படிப்பட்ட நான்கு மென்பொருள்களை, மேலும் சான்று சேர்க்கும் நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்றது. இரவு இரண்டு மணிக்குக் களைத்துப்போன இளம் மருத்துவரின் கண்ணுக்குத் தப்பியதை அது சதுரம் போட்டுக் காட்டும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. முதல் நாள் படத்தில் இல்லாத ஸ்கேஃபாய்ட் முறிவை அதனாலும் பார்க்க முடியாது.

கட்டோடு விமானம் ஏறி ஊருக்கு வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்; தொலைவிலிருந்து பார்க்கும் வேலை அவர்கள் விஷயத்தில் நாடு தாண்டுகிறது. அமீரகத்தின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் எண் 2, நோயாளியின் மருத்துவத் தகவலை நாட்டுக்கு வெளியே சேமிக்கவோ அனுப்பவோ மருத்துவ நிறுவனங்களுக்குத் தடை விதிக்கிறது. 2021-ல் வந்த அமைச்சக ஆணை சில விதிவிலக்குகளை வகுத்திருக்கிறது. அதே சட்டப்படி கடைசிச் சிகிச்சையிலிருந்து குறைந்தது 25 ஆண்டுகளுக்கு அந்தத் தகவலைப் பாதுகாக்க வேண்டும். ஆகவே, 'துபாய் ஆஸ்பத்திரி மெயில் பண்ணிடும்' என்று நம்பி வந்து இறங்குவதைவிட, நோயாளி தன் கோப்பைத் தானே கையோடு வாங்கி வருவதுதான் நிச்சயமான வழி. எக்ஸ்ரேயை டைகாம் வடிவிலேயே சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேளுங்கள். முதல் நாள் படமும், கட்டுப் போட்ட பிறகு எடுத்த படமும், கடைசிப் படமும் வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முறிவு நகர்ந்ததா என்று மதுரையிலோ கோவையிலோ இருக்கும் மருத்துவருக்குத் தெரியும். எத்தனையாவது வாரம் என்பதும் சேர்ந்து தெரிந்தால், ஊருக்கு வந்ததும் உறவினர் சொன்னார் என்று கட்டைப் பிரித்துப் புத்தூர் கட்டுக்குப் போவதா என்ற வீட்டு விவாதத்துக்கும் ஒரு பதில் கிடைக்கும்: நான்காம் வாரத்தில் பாலம் இன்னும் மென்மையாகவே இருக்கிறது, அப்போது பிரித்து இழுத்தால் கூடியதும் கலையும்.

அறுவை சிகிச்சை செய்து பிளேட்டோ கம்பியோ வைத்தவர்கள் இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் இறக்கும் நீளக் கம்பிகள், பிளேட்டில் முடுக்கும் திருகாணிகள் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடும். திருகாணித் தலையின் குழி ஒன்றில் அறுகோணமாக இருக்கும், மற்றொன்றில் நட்சத்திர வடிவில். கம்பியை உருவி எடுக்கும் கருவி அதே கம்பெனியின் தொகுப்பாக இருந்தால்தான் மரைக்குள் சரியாகப் பொருந்தும். அறுவை அரங்கில் உள்ளே வைத்த ஒவ்வொரு பொருளின் ஒட்டுச்சீட்டையும் நோயாளியின் கோப்பில் ஒட்டுவது வழக்கம். கம்பெனி, அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலை டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து வாங்கி வந்தால், ஒன்றரை இரண்டு வருடம் கழித்துக் கம்பியை எடுக்க வேண்டிவரும்போது, திருச்சியில் இருக்கும் மருத்துவர் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே சரியான கருவித் தொகுப்பை வரவழைத்து வைத்திருப்பார்.